பிராயமும் பிராணனும்

முதியவர் ஒருவர் விஷஜுரத்தோடு ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டால், அவர் பிழைப்பதும் பிழைக்காமற் போவதும் அவருடைய வயதைப் பொறுத்தது என்ற அபிப்பிராயம் நம் ஜனங்களிடையே மட்டுமன்றி வைத்தியசாலைகளுக்குள்ளும் வேரூன்றிக் கிடக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், பாலாறு-பொருந்தலாறு அணைக்கு அருகே இருக்கும் பாலசமுத்திரத்திலிருந்து ஒரு மூதாட்டியை ஆட்டோவில் ஏற்றிப் பழனிக்குக் கொண்டு செல்லும்போதே, தெருவில் நின்று பார்ப்பவர்கள் கேட்கும் முதற்கேள்வி “ஆத்தாளுக்கு என்ன வயசு இருக்கும்?” என்பதுதான், சீட்டு எழுதும் ஜன்னலிலும் அதே கேள்வி, வார்டிலும் அதே கேள்வி. “எம்பதுக்கு மேல” என்று பதில் வந்தவுடன் கேட்டவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்பதில்லை. இந்த அபிப்பிராயத்தோடு பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொண்டு இன்னொரு கொள்கையும் இருக்கிறது: படுத்தவர் படுத்தபடியே இருக்கவேண்டும், கழிப்பறைக்குக்கூட எழுந்து போகக் கூடாது, பூரண ஓய்வே வயோதிகருக்கு உகந்த ஔஷதம் என்பது அது. இவற்றுள் முதலாவது பிழைக்கக்கூடியவரைப் பற்றி நம்பிக்கை இழக்கச் செய்கிறது; இரண்டாவது, பிழைத்தவரிடம் எஞ்சியிருந்த சக்தியையும் கரைத்துவிடுகிறது. இரண்டுமே தவறு என்பதை ஆதாரங்களோடு எடுத்துச் சொல்ல விரும்புகிறேன்.

எதிர்த்தரப்பு வாதத்தை அதன் முழு பலத்தோடு எடுத்துக்கொள்வதே நியாயம். 2020ஆம் ஆண்டில் கொரோனா பரவியபோது எந்த தேசத்தின் மரணக் கணக்கை எடுத்தாலும் அதில் வயோதிகர்களே மிகுந்திருந்தார்கள். இந்தியாவிலும் அவ்வாண்டின் நடுப்பகுதியில் இறந்தோரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் 60 வயதைக் கடந்தவர்கள் என்று மத்திய சுகாதார அமைச்சகமே அறிவித்தது. இத்தாலியில் தீவிர சிகிச்சை வைத்தியர்களின் சங்கம் அவ்வாண்டு மார்ச் மாதத்தில், படுக்கைகள் போதாத நிலை முற்றினால் தீவிர சிகிச்சைக்கு ஒரு வயது வரம்பை விதிக்க நேரலாம் என்று மனங்கசந்து எழுதியது. ஆகவே பிராயம் ஏற ஏற மரண அபாயமும் ஏறுகிறது என்பதை நானும் மறுப்பதற்கில்லை. நான் மறுப்பது, அந்தப் பொதுக்கணக்கிலிருந்து ஒரு தனி மனுஷியின் கட்டிலருகே வந்து நின்றுகொண்டு, வயதைக் கேட்ட மாத்திரத்தில் அவளுடைய கதியைத் தெரிந்துகொண்டதாக நினைக்கும் அந்த அவசரத்தை. வயது என்பது பல காரணங்களுக்குப் பதிலாக நிற்கும் ஓர் எண். அந்தக் காரணங்களையே நேராகப் பார்க்க வழியிருக்கும்போது, பதிலாக நிற்பதை மட்டும் பார்த்துத் தீர்மானிப்பது விவேகமாகாது.

நேராகப் பார்க்க வழி இருக்கிறது. கானடாவின் ஹாலிபாக்ஸ் நகரத்தில் முதியோர் மருத்துவத்தில் ஆயுளைச் செலவிட்ட கென்னத் ராக்வுட் என்பவரும் அவருடைய சகாக்களும் 2005இல் ஒரு தளர்ச்சி அளவுகோலை வெளியிட்டார்கள். முதலில் ஏழு படிகளாக இருந்த அது பிற்பாடு ஒன்பதாக விரிந்தது. அதைப் பிரயோகிக்க யந்திரமோ ரத்தப் பரிசோதனையோ வேண்டியதில்லை. நோய் வருவதற்கு இரண்டு வாரங்களுக்கு முன் இவர் எப்படி இருந்தார், வெளியே தனியாகப் போய்வந்தாரா, கடைக்குப் போனாரா, சமைத்தாரா, குளிக்க இன்னொருவர் கை கொடுக்க வேண்டியிருந்ததா என்று கேட்டுத் தெரிந்துகொள்வதே அதன் சாரம். பிரிட்டனில் பத்து ஆஸ்பத்திரிகளிலும் இத்தாலியில் ஒன்றிலுமாக கொரோனாவோடு சேர்க்கப்பட்ட 1,564 பேரை இந்த அளவுகோலால் அளந்து, 2020 ஜூன் மாத இறுதியில் லான்செட் குழுமத்தின் பொதுச் சுகாதாரப் பத்திரிகையில் ஓர் ஆய்வு வெளிவந்தது. நல்ல திடத்தோடு நடமாடியவர்களின் மரண அபாயத்தை ஒன்று என்று கொண்டால், வயதையும் உடனிருந்த மற்ற நோய்களையும் கணக்கிட்டுச் சரிசெய்த பிறகும், நடுத்தரமாகத் தளர்ந்திருந்தவர்களுக்கு அது 1.83 ஆகவும், மிகவும் தளர்ந்து பிறரையே நம்பியிருந்தவர்களுக்கு 2.39 ஆகவும் உயர்ந்தது. வயதின் பாதிப்பு அந்த ஆய்வில் அறவே மறைந்துவிடவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆயினும் முடிவை முன்கூட்டி உணர்த்துவதில் வயதையும் கூட்டுநோய்களையும்விட நோய்க்கு முந்தைய நடமாட்டமே மேலானது என்று ஆய்வாளர்கள் தெளிவாகவே எழுதினார்கள். கானடாவில் இன்புளூயன்ஸாவோடு ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்ட 65 வயதுக்கு மேற்பட்டோரைப் பார்த்தவர்களும், முன்பே தளர்ந்திருந்தவர்கள்தாம் பழைய நிலைக்குத் திரும்பத் தவறினார்கள் என்று கண்டார்கள்.

நம் ஊர்களிலோ வயது என்ற அந்த எண்ணே பலவேளைகளில் நம்பத்தக்கதாக இல்லை. பிறந்த தேதியைப் பதிவு செய்யாத தலைமுறையைச் சேர்ந்தவர்கள் இவர்கள். ஆதார் அட்டைகளைப் புரட்டிப் பார்த்தால் முதியோரில் எத்தனையோ பேர் ஜனவரி 1ஆம் தேதியில் பிறந்ததாகவே பதிந்திருக்கிறது. “சுதந்திரம் வந்தப்ப நான் ஆடு மேய்ச்சுக்கிட்டிருந்தேன்” என்பதுதான் அவர்கள் அறிந்த ஜாதகம். ஊகித்து எழுதிய ஓர் எண்ணை வைத்துக்கொண்டு உயிரைப் பற்றித் தீர்மானிக்கிறோம். ஆனால் அதே மூதாட்டியைப் பார்த்து, “இந்த வருஷம் மலைக்குப் போனீங்களா, படியேறியா, யானைப் பாதையிலயா, விஞ்சிலயா?” என்று கேட்டுப் பாருங்கள். பழனிச் சுற்றுவட்டாரத்தில் இந்தக் கேள்விக்குத் துல்லியமான பதில் கிடைக்காத வீடே இராது. “போன தைப்பூசத்துக்குப் படியேறித்தான் போனேன், எடையில ரெண்டு எடத்துல உக்காந்தேன்” என்று ஒருத்தி சொல்வாள். “மூணு வருஷமா விஞ்சுதான்” என்று மற்றொருத்தி. “இப்பல்லாம் அடிவாரத்துலயே கும்பிட்டு வந்துடறது” என்று வேறொருத்தி. 600க்கு மேற்பட்ட அந்தப் படிகள் இருதயத்தையும் சுவாசத்தையும் தொடைத் தசையையும் ஒருசேரப் பரீட்சிக்கின்றன. அந்தப் பரீட்சையின் முடிவை வீட்டார் அனைவரும் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். ஆட்டோவில் வந்திறங்கும்போது மூவருமே ஜுரத்தில் துவண்டு ஒரே மாதிரியாகத்தான் தெரிவார்கள், மூவருக்கும் சீட்டில் எண்பது என்றே எழுதப்பட்டிருக்கும். இவர்களுக்கிடையே உள்ள வித்தியாசம் கேட்டாலொழியத் தெரியாது. கேட்பதோ அரை நிமிஷ வேலை.

கேரளத்தில் பத்தனம்திட்டா மாவட்டத்து ரான்னியைச் சேர்ந்த 93 வயது முதியவரும் அவருடைய 88 வயது மனைவியும் கோட்டயம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலிருந்து கொரோனா நீங்கி 2020 ஏப்ரல் தொடக்கத்தில் வீடு திரும்பியதைப் பத்திரிகைகள் அற்புதமென்று எழுதின. அற்புதம் என்ற அந்தச் சொல்லே எனக்கு உடன்பாடில்லை. அவர்கள் இருவரும் நோய்க்கு முன் எப்படி வாழ்ந்தார்கள், ஆஸ்பத்திரியில் அவர்களை எப்படிப் பார்த்துக்கொண்டார்கள் என்று விசாரிப்பதல்லவா அறிவு? அற்புதம் என்று சொல்லிவிட்டால் விசாரணை முடிந்துபோகிறது. அடுத்த 93 வயதுக்காரர் வரும்போது, அற்புதம் அடிக்கடி நடப்பதில்லை என்ற முன்முடிவோடு அவரை வரவேற்கவும் நேர்கிறது.

நடமாட்டத்தை விசாரிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வயோதிக சரீரத்தில் தொற்று நோய் புத்தகத்தில் எழுதியபடி வருவதில்லை. இளைஞனுக்குக் கொதிக்கிற ஜுரமும் இருமலும் வரும் இடத்தில் முதியவருக்கு உடம்பு சூடுகூட ஏறாமல், முந்தாநாள் வரை வாசல் தெளித்தவர் இன்று பாயை விட்டு எழவில்லை என்பதோ, கை தவறி டம்ளர் விழுந்தது என்பதோ, செத்துப்போன அண்ணனைக் கூப்பிடுகிறார் என்பதோ முதல் அடையாளமாக இருக்கலாம். அமெரிக்காவில் அவசரப் பிரிவுகளுக்கு வந்த 817 முதிய கொரோனா நோயாளிகளைப் பரிசீலித்தபோது 226 பேருக்கு வந்தவுடனேயே புத்தித் தடுமாற்றம் இருந்தது. அந்த 226 பேரிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோருக்கு ஜுரம், மூச்சுத் திணறல் போன்ற வழக்கமான குறிகள் ஒன்றுமே இல்லை. நம் வீடுகளில் இந்த அடையாளத்தைக் கண்டதும் சொல்லுகிற வார்த்தை எல்லோரும் அறிந்ததே: “வயசாச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்.” மூன்று நாட்கள் அப்படியே கழிகின்றன, நான்காம் நாள் உதடு வறண்டு, சிறுநீர் குறைந்து, மூச்சு வாங்கும்போது ஆட்டோ தேடுகிறார்கள். பிறகு அவர் இறந்துபோனால் வயதுதான் காரணம் என்கிறோம். வயதுதான் காரணம் என்று முதல் நாளிலேயே நம்பியதால் வந்த தாமதம் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

இனி, ஓய்வைப் பற்றிய கொள்கைக்கு வருகிறேன். பொதுஜன அபிப்பிராயத்தின் இந்தப் பாதியை மறுப்பதுதான் கடினம். ஏனெனில் இது அன்பின் உருவத்தில் வருகிறது. எந்த ஆஸ்பத்திரியின் வார்டிலும் காணக்கூடிய காட்சி ஒன்றைச் சற்று அருகே போய்ப் பாருங்கள். மூதாட்டியின் வலது புறங்கையில் டிரிப் ஊசியைக் குத்திப் பிளாஸ்திரி போட்டிருக்கிறது; ஆகவே அவள் தன் கையால் சாப்பிட முடியாது, மகள் கஞ்சியை ஊட்டுகிறாள். கண்ணாடி தொலைந்துபோகும் என்று மருமகன் வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டான். பல் செட்டும் கைத்தடியும் அதே பையில் போய்விட்டன. எதிரே வருகிறவர் முகம் தெரியாததால் அவள் தடுமாறுகிறாள், அந்தத் தடுமாற்றத்தைப் பார்த்து மூளையும் தளர்ந்துவிட்டது என்று எழுதுகிறார்கள். கழிப்பறை நடையின் கோடியில் இருக்கிறது, வழியெல்லாம் ஈரம். ஆகவே டயப்பர், அதுவும் சிரமமென்றால் சிறுநீர்க் குழாய். அவள் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு காலைக் கீழே தொங்கவிட முயல்கிறாள். பக்கத்துக் கட்டிலுக்குத் துணையாக வந்தவரும் சேர்ந்துகொண்டு நான்கு குரல்கள் ஒரே சமயத்தில் எழுகின்றன: “ஆத்தா, எந்திரிக்காத, விழுந்துருவ! எது வேணும்னாலும் சொல்லு, நாங்க பாத்துக்கிறோம்.” அவள் காலை மறுபடி மேலே எடுத்துக்கொள்கிறாள். ஒருவரும் அவளுக்குத் தீங்கு நினைக்கவில்லை. எல்லோரும் பரிவோடுதான் பேசினார்கள். ஆயினும் வீட்டில் தன் தேவைகளைத் தானே பார்த்துக்கொண்டவள் ஒரு வார காலத்தில் பிறர் கையை எதிர்பார்க்கும் நிலைக்கு வந்துவிட்டாள். அதில் வைரஸின் பங்கு எவ்வளவு, கட்டிலின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றுவதில்லை.

கட்டிலின் பங்கு அற்பமானதன்று. படுக்கையினால் விளையும் அபாயங்களைப் பற்றி ரிச்சர்ட் ஆஷர் என்ற ஆங்கிலேய வைத்தியர் 1947லேயே பிரிட்டிஷ் மருத்துவப் பத்திரிகையில் எழுதி எச்சரித்தார். 2007இல் அமெரிக்காவில் ஒரு பரிசோதனை செய்தார்கள்: நோய் எதுவுமில்லாத, 67 வயது சராசரியுள்ள பதினொரு பேரைப் பத்து நாட்கள் படுக்கையிலேயே இருக்கச் செய்தார்கள். ஜுரம் இல்லை, ஆகாரத்துக்குக் குறைவில்லை. ஆனாலும் அந்தப் பத்து நாட்களில் கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை கரைந்துபோயிற்று. ஆரோக்கியமானவர்களின் கதியே இதுவென்றால், எண்பது வயதில், பசியற்று, ஜுர வேகத்தில் தசை தானாகவே உருகிக்கொண்டிருக்கும் ஒருத்திக்குப் பத்து நாள் படுக்கை என்ன செய்யும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். இறைக்கிற கிணறுதான் ஊறும் என்று நம்மவர்கள் கிணற்றுக்குச் சொன்னது தசைக்கும் முற்றிலும் பொருந்தும்.

இதற்குப் பரிகாரம் இல்லாமல் இல்லை. ஸ்பெயின் தேசத்தில் பாம்ப்ளோனா நகரத்து ஆஸ்பத்திரியில், கடும் நோயோடு சேர்க்கப்பட்ட 370 முதியோரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சையும், மற்றொரு பிரிவுக்கு அதனோடு தினம் இருவேளை அளவான தேகப்பயிற்சியும் கொடுத்துப் பார்த்து, 2019இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அவர்களுடைய சராசரி வயது 87. சாப்பிடுதல், குளித்தல், உடுத்துதல், எழுந்து நாற்காலியில் அமர்தல், நடத்தல், படியேறுதல் முதலியவற்றை நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பிடும் பார்தெல் அளவில், வழக்கமான சிகிச்சை பெற்றவர்கள் வீடு திரும்பும்போது சராசரி ஐந்து புள்ளிகள் இழந்திருந்தார்கள். பயிற்சி பெற்றவர்களோ ஏறக்குறைய இரண்டு புள்ளிகள் கூடியிருந்தார்கள். 87 வயதில், நோய்ப்படுக்கையில், ஒரு வார காலத்துக்குள் சக்தி கூடியது என்பதை, வயதாகிவிட்டது, இனி என்ன இருக்கிறது என்று பேசுகிறவர்கள் ஒருமுறை நிதானமாக யோசிக்கவேண்டும். மூச்சு முட்டிக்கொண்டிருக்கும் வேளையிலும், டெங்குவில் ரத்த அழுத்தம் விழும் அந்த இரண்டொரு நாட்களிலும் ஒருவரை நடக்கச் சொல்வது கொடுமை. அதை எந்த வைத்தியரும் சொல்லமாட்டார். அந்த வேளை கடந்த பின்னும் கட்டிலிலேயே கிடத்திவைப்பதைத்தான் ஆட்சேபிக்கிறேன். பிராணவாயுக் குழாயோடும் நாற்காலியில் உட்காரலாம். ஊசியை இடக்கையில் குத்தினால் வலக்கை சாப்பாட்டுக்கு உதவும்.

நடமாட்டம் போனால் போகட்டும், உயிர் தப்பியதே போதும் என்று சிலர் கேட்கக்கூடும். உயிரும் நடமாட்டமும் அப்படித் தனித்தனியே நிற்பவையல்ல. அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்து இரண்டு ஆஸ்பத்திரிகளிலிருந்து வீடு திரும்பிய 70 வயதுக்கு மேற்பட்டவர்களை ஓராண்டு பின்தொடர்ந்து பார்த்து 2008இல் எழுதினார்கள். அது எல்லா நோய்களுக்கும் சேர்த்த கணக்கு. வைரஸ் நோய்க்கு மட்டும் உரியதன்று. நோய்க்கு முன் செய்துவந்த அன்றாடக் காரியங்களில் ஏதேனும் ஒன்றைப் புதிதாக இழந்து வீடு திரும்பியவர்களில் நூற்றுக்கு 41 பேர் அந்த ஓராண்டுக்குள் மரணமடைந்தார்கள். பழைய நிலையிலேயே திரும்பியவர்களில் இறந்தவர்கள் நூற்றுக்கு 18 பேர்தான். இழந்து திரும்பியவர்களில் மறுபடி பழைய நிலையை அடைந்தவர்கள் நூற்றுக்கு 30 பேர். ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் இவர்கள் அனைவருமே ‘குணமடைந்து சென்றவர்’கள். நம் கிராமங்களில் “ஆஸ்பத்திரியிலேருந்து வந்ததுலேருந்தே எந்திரிக்கல” என்று துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம் சொல்லப்படும் அந்த மரணங்கள் எந்த ஜுரத்தின் கணக்கிலும் சேர்வதில்லை. 2006இல் தமிழ்நாடெங்கும் சிக்குன்குனியா பரவியபோது அதைச் சாவு இல்லாத காய்ச்சல் என்று ஆறுதலாகப் பேசிக்கொண்டோம்; மாதக்கணக்கில் மணிக்கட்டும் கணுக்காலும் வீங்கி, செம்பைத் தூக்க மாட்டாமல் சுவரைப் பிடித்து நடந்த முதியோரை நாம் எல்லோருமே பார்த்தோம். அந்தச் சுவரைப் பிடித்த நடையிலிருந்து எத்தனை பேர் மீண்டார்கள் என்று விசாரித்தவர் யார்?

என் கட்சிக்கு எதிராக எழக்கூடிய ஆட்சேபணைகளில் ஒன்று மிகவும் கனமானது. வயதைக் கொண்டு ஒதுக்கியவர்கள் நாளைக்கு நடமாட்டத்தைக் கொண்டு ஒதுக்கமாட்டார்களா, படியேற முடியாதவளுக்குப் படுக்கை இல்லை என்று சொல்ல இது வழி திறக்காதா என்பது. இந்த அச்சம் ஆதாரமற்றதன்று. பிரிட்டனின் மருத்துவ நெறிக் கழகம் 2020 மார்ச்சில் இந்தத் தளர்ச்சி அளவுகோலைத் தீவிர சிகிச்சை பற்றிய தீர்மானத்துக்கு உபயோகிக்கச் சொன்னபோது, பிறவியிலிருந்தே பிறர் உதவியோடு வாழும் மாற்றுத்திறனாளிகள் அதனால் கைவிடப்படுவார்கள் என்று கண்டனம் எழுந்தது. சில நாட்களுக்குள்ளேயே கழகம் தன் குறிப்பைத் திருத்தி, இளையோருக்கும் நிலையான ஊனம் உள்ளோருக்கும் அந்த அளவுகோல் பொருந்தாது என்று எழுத நேர்ந்தது. ஆகவே ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லிவிடுகிறேன்: சிகிச்சை கொடுக்கலாமா கூடாதா என்று தீர்மானிப்பதற்காக இந்த விசாரணையை நான் கேட்கவில்லை. எவ்வளவு கொடுக்கவேண்டும், எதை முதலில் கொடுக்கவேண்டும் என்று அறிவதற்காகவே கேட்கிறேன். முன்பே தளர்ந்திருந்தவளுக்குத்தான் கூடுதல் ஆகாரமும், முதல் நாளே இயன்முறை வைத்தியரும், வீடு திரும்பிய பின் நெருங்கிய கவனிப்பும் அதிகம் தேவை. அவளுடைய தளர்ச்சியை அறிந்துகொண்டு அவளை வாசலிலேயே திருப்பியனுப்புகிறவன் வைத்திய சாஸ்திரத்தைத் தலைகீழாகப் படித்தவன்.

மற்றொரு ஆட்சேபணை, இதற்கெல்லாம் நம் தேசத்தில் ஆள் ஏது, இடம் ஏது என்பது. இதை நான் அவ்வளவு சிரத்தையோடு ஏற்கமாட்டேன். சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் வி. எஸ். நடராஜன் 1978லேயே முதியோருக்கென்று புறநோயாளிப் பிரிவைத் தொடங்கினார். தேசத்துக்கே முன்மாதிரியாக முதியோர் மருத்துவத்தில் மேற்படிப்பும் சென்னை மருத்துவக் கல்லூரியில் 1996இல் தொடங்கியது. கிண்டியில் முதியோருக்கென்றே கட்டிய தேசிய ஆஸ்பத்திரிக் கட்டடம் 2020 ஜூலையில் கொரோனா ஆஸ்பத்திரியாகத் திறக்கப்பட்டுப் பல்லாயிரவரைக் காத்த பிறகு, 2024 பிப்ரவரியில் தனக்குரிய காரியத்துக்கு வந்து சேர்ந்தது. நம் மாவட்டத்திலேயே திண்டுக்கல்லில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. இவையெல்லாவற்றையும்விட பாலசமுத்திரம் போன்ற ஊர்களுக்கு நெருக்கமானது, 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம். ரத்த அழுத்த மாத்திரை மட்டுமன்றி, இயன்முறை வைத்தியத்தையும் படுத்த படுக்கையானவருக்கான பராமரிப்பையும் வீட்டு வாசலுக்கே கொண்டுவருவதாக ஏற்பட்ட திட்டம் அது. ஆள் இல்லை என்று சொல்வதற்கில்லை. ஆளுக்குச் சொல்லியனுப்புவதில்லை என்றே சொல்லவேண்டும்.

அதற்கு வேண்டியது ஆஸ்பத்திரியிலிருந்து கொடுத்தனுப்பும் சீட்டில் இரண்டு வரிகள். இப்போது அந்தச் சீட்டில் மாத்திரைகளின் பெயரும், காலை, மதியம், இரவு என்ற கட்டங்களும், மறுபடி வரவேண்டிய தேதியும் இருக்கின்றன. ஜுரத்துக்கு இரண்டு வாரம் முன்பு இவர் என்னென்ன தானே செய்துகொண்டார் என்று ஒரு வரியும், இன்று வீட்டுக்குப் போகும்போது அவற்றுள் எவற்றைச் செய்ய முடியவில்லை என்று இன்னொரு வரியும் எழுதி, அதன் நகல் ஒன்று ஊரின் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகட்டும். அப்படிப் போனால், தானே எழுந்து உட்கார்ந்துகொண்டிருந்தவள் இப்போது எழவில்லை என்பது மூன்றாம் நாளே தெரிந்துவிடும். இயன்முறை வைத்தியர் முதல் வாரத்திலேயே அவள் வீட்டுத் திண்ணைக்கு வந்து, எந்தக் கையை ஊன்றி எப்படி எழவேண்டும் என்று அவளுக்கும், எந்த அளவுக்குமேல் தூக்கிவிடக் கூடாது என்று அவள் மகளுக்கும் சொல்லிக் கொடுக்கலாம். மூன்று மாதம் கழித்து, முதுகில் விழுந்த படுக்கைப் புண்ணுக்கு மருந்து வைக்க அதே தெருவுக்கு அதே ஊழியர்கள் இன்றும் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.